தலைவர் வேண்டாம் என்ற முகாம்

கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தலைமைத்துவப் பயிற்சி தயாரிக்கிறவர்களே, உங்களுக்கும் தெரியும்: பயிற்சி சொதப்பினால் மாணவர்களைத் திட்டலாம், மாணவர் விருப்பப்படி என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டுக் கோலசிலாங்கூரில் செல்வி அக்காவிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். பயிற்சி தயாரிப்பதுதான் அவர் தொழில். பக்கத்துக் கல்லூரியின் தமிழ்க் கழகத் தலைவி யோகேஸ் படிப்பை முடிக்கப் போகிறார். அடுத்த தலைவர் கிடைக்காவிட்டால் கழகத்தை மூட வேண்டியதுதான். அதற்காகத்தான் கல்லூரி எங்களிடம் முகாம் கேட்டது. அடுத்த வருஷம் அங்கே படிக்கப் போய் அந்தக் கழகத்தில் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை.

என்ன வேண்டும்?

முதலில் மாணவர்களையே கேள் என்றார் அக்கா. கேன்டீனுக்குப் போய், "என்ன கத்துக்க ஆசை?" என்று மேசை மேசையாகக் கேட்டேன். பாதிப்பேர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஈஜோக்கிலிருந்து வரும் தினேஷ் மட்டும் மீ கோரெங்கை மென்றுகொண்டே பதில் சொன்னார்.

"நாங்க என்ன கத்துக்கணும்னு எங்களையே கேட்டா, உனக்கு எதுக்கு தம்பி சம்பளம்?"

ஆளுக்கு ஒரு மணி நேரம்

முகாம் சுங்கை புரோங்கில், வயலோரத்து வீடொன்றில். கழக உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் தலைவர். தினேஷின் முறையில் சோறு வெந்தது, கோழி வெந்தது, சண்டை இல்லாமல் பாத்திரமும் கழுவியாகிவிட்டது. ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்து, கழகத்தை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம்னா நான் பிரதமரா கூட இருப்பேன் லா."

கடைசி வட்டம்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முடிவு உங்களுடையது என்றார் அக்கா. பிறகு தினேஷ், பொங்கல் விழாவுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு யாருமே போகாததையும், யோகேஸ் தனியாகத் தோரணம் கட்டியதையும் சொன்னார். அதைப் பார்த்தபின் யாருக்கு இந்த வேலை வேண்டும் என்று கேட்டார். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கத்த நினைத்தேன். வற்புறுத்தக் கூடாது என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார்.

கழகத்தை மூடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் அக்கா. எல்லாக் கைகளும் மேலே போயின. யோகேஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தன் கையையும் தூக்கிச் சொன்னார்.

"கையை இறக்கிடாதீங்க. இப்பதான் முதல் தடவையா எல்லாரும் ஒண்ணா ஒரு வேலை செய்றீங்க."

மாணவர்கள் தாங்களாகவே முடிவெடுத்த ஒரே முகாம் இதுதான் என்று கல்லூரி எங்களைப் பாராட்டியது. எனக்குத்தான் சேர்வதற்குக் கழகம் இல்லாமல் போய்விட்டது.