பாம்புச்செவியாரின் வட்டம்

காலையில் அவர் தட்டி முடிக்கும்வரை கீழே யாரும் வேலையைத் தொடமாட்டார்கள். ரம்பம் ஓட்டுபவர்கள், கல் ஏற்றுபவர்கள், மேஸ்திரி எல்லாரும், மலைக்குள் கல் வெட்டும் குடைவின் வாயிலில் தேநீரும் கையுமாக நிற்பார்கள். அவர் மட்டும் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, தன்னைவிட உயரமான இரும்புக் கம்பியோடு உள்ளே போவார். தலைக்கு மேலிருக்கும் பாறையில் கம்பியால் ஒரு குத்து. ‘கணீர்’ என்றால் பாறை ஒரே கட்டாக இருக்கிறது என்று பொருள். பக்கத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். ‘பொத்’ என்றால் உள்ளே எங்கோ ஒட்டு விட்டுப்போய், ஒரு பாளம் தனியாகத் தொங்குகிறது. அங்கே பெருக்கல் குறி. வட்டம் இருக்கும் இடத்தில்தான் ரம்பம் ஓடும். பெருக்கல் குறியின் கீழே ஒருவரும் உட்கார்ந்து சோறுகூடத் தின்னமாட்டார்கள்.

எல்லாரும் அவரைப் பாம்புச்செவி என்று கூப்பிட்டார்கள். வயது ஏறியபோது ஓர் ‘ஆர்’ சேர்ந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நண்பகலில் சாப்பாட்டுத் தூக்கை அப்படியே போட்டுவிட்டு, “மேல ஏதோ முனகுது, எந்திரிங்கடா!” என்று கத்தி, உடன் இருந்தவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கிறார். அவர்கள் திட்டிக்கொண்டே வெளியே வந்த பிறகு, தூக்கு இருந்த இடத்தில் ஒரு வண்டி அளவுக்குப் பாறை உட்கார்ந்திருந்தது. தூக்கு கடைசிவரை கிடைக்கவில்லை. மறுவாரமே கம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் குடைவிலிருந்து போன கல்தான் மலையடிவார நகரம். நீதிமன்றம், ரயில் நிலையம், வங்கி, ஆற்றுப்பாலம், சந்துக்குள் இருக்கும் தையல்கடையின் வாசல்கூட அதே மங்கலான வெண்ணெய் நிறம். சாயங்கால வெயிலில் ஊரே உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல இருக்கும். தெருப்பக்கம் வேறு கல் வைக்கக்கூடாது என்று நகராட்சி விதியே உண்டு. அதனால் மலைக்கு வேலை குறைந்ததே இல்லை. நகரம் எவ்வளவு உயர்ந்ததோ, மலை அவ்வளவு உள்ளே பொத்தலாகிக்கொண்டிருந்தது. நடுநடுவே தூண்களாக விட்டுவைத்த பாறைதான் மிச்சத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது.

சங்கிலி ரம்பங்கள் வந்த பிறகுதான் கதை மாறியது. மூடிய குகைக்குள் ரம்பம் கல்லைக் கடிக்கும் சத்தம் இருக்கிறதே, அது காதில் விழுவது இல்லை, பல்லில் விழுவது. கம்பெனி எல்லாருக்கும் காதுமூடி கொடுத்தது. எல்லாரும் போட்டுக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர.

“காதை மூடிக்கிட்டு நான் என்னத்தக் கேக்குறது?” என்றார் பாம்புச்செவியார். ரம்பம் ஓடும்போது மேலே பாறை அசைந்தால் முதலில் கேட்க வேண்டியவர் அவர். மேஸ்திரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்படியே பல வருஷம், ரம்பத்துக்குப் பக்கத்தில், வெறும் காதோடு, மேலே பார்த்தபடி நின்றார்.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் புகார் வீட்டில்தான் வந்தது. “ஊர்ல எறும்பு நடக்குறது கேக்கும், பொண்டாட்டி கத்துறது மட்டும் கேக்காது” என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. மேசை அதிர்வதை வைத்து, கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்துகொண்டார்.

கீழே அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். கணீரென்ற பாறையைக் குத்தினால் கம்பி உள்ளங்கையைக் கூசும். விட்டுப்போன பாறை கூசாது, கம்பி செத்துப்போன மாதிரி இருக்கும். கையால் கேட்கத் தொடங்கினார். உதிரும் தூசியைப் பார்த்தார். போதும் என்று நினைத்தார். பெரும்பாலும் போதுமானதாகவும் இருந்தது. ஆனால் உள்ளங்கை வருஷக்கணக்காகக் காய்த்துப்போன உள்ளங்கை. சில நாள் அதுவும் கூசியதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். அப்போது இன்னொரு குத்துக் குத்துவார். பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். வட்டம் போட்டுவிடுவார்.

வெளியே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் யார்? செவி போன பாம்புச்செவி. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அவரை அறிமுகப்படுத்தியதே, “இவர் வட்டம் போட்டாத்தான் மலையே வேலை செய்யும்” என்றுதான். அந்த மாப்பிள்ளை இப்போது அதே குடைவில் ரம்பம் ஓட்டுகிறார். தன் மாமனார் போட்ட வட்டத்தின் கீழேதான் தினமும் நிற்கிறார்.

சனிக்கிழமைகளில் பார்வையாளர்கள் வருவார்கள். தங்கள் ஊர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நகரத்துக்காரர்களுக்கு ஆசை. மேஸ்திரியே ஹெல்மெட் கொடுத்து, வரிசையாக உள்ளே அழைத்துப்போவார். அவருக்குக் கூட்டம் என்றால் குஷி. “உங்க ரயில் நிலையம் இந்தப் பொந்துலதான் இருந்துச்சு. நீதிமன்றம் அந்தப் பக்கம். பாத்து வாங்க, வக்கீல் யாராவது உள்ளேயே மாட்டிக்கிட்டு இருக்கப் போறாங்க” என்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே ஜோக். ஒவ்வொரு சனிக்கிழமையும் சிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு பீங்கான் கடைக்கார அம்மாள் இருந்தாள். குட்டையான உருவம், ஹெல்மெட் கண்வரை இறங்கியிருந்தது. கேள்விக்கு மேல் கேள்வி. பார்வையாளர்களுக்காக ரம்பத்தை நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை காதுமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாம்புச்செவியார் வழக்கம்போல இரண்டு குத்துக் குத்திக் காட்டினார். கூட்டம் ‘ஓ’ என்றது. அதையும் அவர் வாய்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

“நான் ஒரு தடவ குத்தட்டுமா?” என்றாள் அந்த அம்மாள்.

“மலையைக் கீழ இறக்கிடாதீங்கம்மா, திங்கக்கிழமை ஆர்டர் இருக்கு” என்றார் மேஸ்திரி.

கம்பியை வாங்கித் தடுமாறித் தூக்கிக் குத்தினாள். நாலடி தள்ளிப்போய் இன்னொரு குத்து. முகம் சுருங்கியது.

“இங்க வேற மாதிரி இருக்கே. எங்க கடையில இப்படிச் சத்தம் வந்தா அந்தத் தட்டை விக்கமாட்டோம், ஓரமா வச்சிருவோம்.”

மேஸ்திரி சிரித்தார். “அம்மா, இது தட்டு இல்ல, மலை. அங்க பாருங்க வட்டம். போட்டது யாரு? பாம்புச்செவி. அவருக்குக் கேக்காததா உங்களுக்குக் கேட்டுருச்சு?”

கூட்டமும் சிரித்தது. அந்த அம்மாள் வெட்கப்பட்டுக் கம்பியை நீட்டினாள். அவள் சொன்னதில் பாதிதான் பாம்புச்செவியாருக்குப் பிடிபட்டது. ஆனால் அவள் விரல் எந்த இடத்தைக் காட்டியது என்று தெளிவாகத் தெரிந்தது. அன்று காலையில் அந்த இடத்தில் இரண்டாவது குத்துக் குத்தினோமா என்று யோசித்தார். நினைவில்லை. வட்டம் மட்டும் அவர் கையெழுத்துப்போல அங்கே இருந்தது. அதன் கீழே ரம்பம். ரம்பத்தின் மேல் ஒரு கையை வைத்தபடி மாப்பிள்ளை.

கம்பியை வாங்காமல், “இன்னொரு தடவ குத்துங்கம்மா. முதல்ல அங்க. அப்புறம் இங்க” என்றார்.

அவள் குத்தினாள். இந்த முறை அவர் மேலே பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். முதல் குத்துக்கு யாரும் அசையவில்லை. இரண்டாவது குத்துக்கு, கேமரா வைத்திருந்தவர், அவர் மனைவி, பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், எல்லாத் தலைகளும் ஒன்றாக மேலே திரும்பின. மலையை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது. பாம்புச்செவியாருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே ஒன்றுமில்லை.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை காதுமூடியை எடுத்து மாட்டினார். கை ரம்பத்தின் விசைக்குப் போனது. ‘சரி, நல்லாத்தான் இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் நகர்ந்துவிடும். யாரும் அவரைவிட ஒரு பீங்கான் கடைக்காரியை நம்பப் போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ரம்பத்திலிருந்து எடுத்தார்.

“எல்லாரும் வெளிய போங்க. மெதுவா, ஓடாம. வந்த வழியே.”

“என்ன மாமா?” என்று மாப்பிள்ளை காதுமூடியைக் கழற்றினார்.

“நீங்களும்தான் மாப்பிள்ள. போங்க.”

கூட்டம் வெளியேறிய பிறகு, வாயில் வெளிச்சத்தில் மேஸ்திரி பிடித்துக்கொண்டார். “அண்ணே, என்ன விளையாட்டு இது? காலைல நீங்கதானே வட்டம் போட்டீங்க?”

“போட்டேன்.”

“அப்ப நல்லாத்தானே கேட்டுச்சு?”

“கேக்கல. கேக்காமத்தான் போட்டேன்.”

மேஸ்திரிக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார், இந்த முறை தலையைத் திருப்பிக்கொண்டு. பாம்புச்செவியார் பதில் சொல்லாமல் அவர் வாய் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார். அப்போதுதான் மேஸ்திரிக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கும்.

“எத்தனை நாளா மாமா?”

அதை அவர் உதட்டிலிருந்து படித்தார். “ரொம்ப நாளா” என்றார்.

பக்கத்துக் குடைவிலிருந்து ஒருவரை வரவழைத்துத் தட்டச் சொன்னார்கள். அவர் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். “விட்டுப்போயிருக்கு. நாளைக்கே விழலாம், நம்ம பேரன் காலத்துலயும் விழலாம்.” பாறைக்கு அடியில் இரும்பு முட்டுகள் கொடுத்தார்கள். விரிசலில் ஒரு மர ஆப்பை அடித்து வைத்தார்கள். பாறை அசைந்தால் விரிசல் அகலும், ஆப்பு தானாகக் கழன்று கீழே விழும். மற்ற வட்டங்களையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புது ஆள் முதலிலிருந்து தட்டினார். சில இடங்களில் வட்டம் பெருக்கல் குறியானது. எந்தெந்த இடம் என்று பாம்புச்செவியாரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஊரில் இரண்டு பேச்சு நடந்தது. கூட்டத்தைக் காப்பாற்றினார் என்று ஒன்று. “இத்தன நாளா ஒரு செவிட்டு ஆள நம்பியா பாறைக்குக் கீழ உக்காந்திருந்தோம்?” என்று இன்னொன்று. இரண்டாவதுதான் நின்றது. அதுதான் நியாயம் என்று அவருக்கே பட்டது.

மனைவி அன்று அழுதது வேறொன்றுக்கு. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வேணும்னே கேக்காத மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சு என்னென்ன பேசியிருக்கேன்.”

“எனக்குத்தான் கேக்கலையே” என்றார் அவர். சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னது. சிரிக்கவில்லை.

இப்போது அவருக்கு மேலே வேலை. சனிக்கிழமை பார்வையாளர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக்கொடுப்பது, திரும்பி வந்ததும் உள்பட்டையின் வியர்வையைத் துடைத்து அடுக்குவது. கம்பெனி பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டது. மற்ற நாட்களில் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஷிஃப்ட் முடிந்து மேஸ்திரி மேலே வரும்போது எழுந்து நிற்பார்.

“ஆப்பு விழுந்துச்சா?”

மேஸ்திரி நேருக்கு நேர் நின்று, வாயை அகலத் திறந்து, “இல்லண்ணே, அப்படியேதான் இருக்கு” என்பார்.

தினமும் அதே கேள்வி, அதே பதில். விழுந்துவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு ராத்திரி, மொத்தமும் விழுந்து தொலைத்தால் தேவலை. அன்றைக்குச் சொன்னதாவது சரியாக இருந்தது என்றாகும். பாறை விழவில்லை. பீங்கான் கடைக்காரி சொன்ன தட்டுபோல, ஓரமாக வைக்கப்பட்டு, அப்படியே இருந்தது.

மகள் மாதம் ஒருமுறை வந்து போகிறாள். மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டு, வாசலிலேயே நிற்பார். பிறகு வந்து கூட்டிப்போவார். முன்பெல்லாம் சைக்கிளை நிறுத்தும்போதே, “மாமா, மலை என்ன சொல்லுது?” என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார். குடைவில் எல்லாரும் கேட்கும் கேள்விதான், ஆனால் அவர் கேட்கும்போது வீட்டுக்குள் ஒரு கலகலப்பு வரும். இப்போது கேட்கிறாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் நிற்கிறார்.

கடைசியாக வந்தபோது, மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம், மாப்பிள்ளை ஒரு கணம் வீட்டுப் பக்கம் திரும்பினார். பாம்புச்செவியார் ஜன்னலில் இருந்தார். சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, அடுப்படிக்குப் போனார்.

“மாப்பிள்ள போகும்போது என்ன சொன்னாரு?”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் வந்து நின்றாள். இப்போதெல்லாம் அப்படி வந்து நின்றுதான் பேசுகிறாள்.

“ஒண்ணும் சொல்லலைங்க.”

“உதடு அசைஞ்சுதே. நான் பாத்தேன்.”

அவள் சற்று யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. சொன்னால் நம்பிவிடவும் தயாராக இருந்தார்.

“வாய்ல கொய்யாப்பழம் மென்னுக்கிட்டு இருந்தாருங்க” என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக.

அவர் தலையாட்டினார். திரும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.