மூன்றடிப் பிள்ளையின் ஆறடிக் குற்றம்

போன சனிக்கிழமை கோப்பாயில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். சிரித்துக்கொண்டு போனவன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். இன்னும் கோபம் தணியவில்லை. இந்த வாரப் பத்தியில் என்னிடம் பகிடியை எதிர்பார்க்க வேண்டாம்.

தங்கைக்கு ஒரே மகள், புவனம். இரண்டு வயது முடிந்து சில மாதங்கள்தான். நான் போனபோது சுவரோரம் குந்தியிருந்து பால் விடாத வெறுந்தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கொட்டிலில் பசு நிற்கிறது, நன்றாகக் கறக்கிறது. பிள்ளையின் கையில் சாயத் தண்ணீர்!

"பால் குடிக்கேல்லையோ, குஞ்சு?"

"பால் வேண்டாம் மாமா... நான் நெட்டை."

இந்த வயதில் இந்தப் பயத்தை ஊட்டியது யார்?

தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் கணவரின் தமக்கையை — அவளுக்கு மச்சாள் — உங்களுக்குத் தெரியாது, தெரியாமலிருப்பதே நல்லது. அந்த மச்சாளின் மகனுக்குத்தான் புவனம் என்று பிறந்தபோதே பேசி வைத்திருக்கிறார்கள். பையனுக்கு ஐந்து வயது, கொஞ்சம் கட்டை. யாரோ மச்சாளின் காதில் ஒரு கணக்கைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வயதில் பிள்ளை எவ்வளவு உயரமோ, அதை இரட்டித்தால் வளர்ந்த பிறகு இருக்கும் உயரம் வருமாம். பிறந்தநாளன்று தையல் நாடாவோடு வந்து புவனத்தை அளந்திருக்கிறார். மூன்றடி.

"மூண்டும் மூண்டும் ஆறு, அண்ணை. ஆறடிப் பொம்பிளையை என்ரை மகன் எப்பிடிக் கட்டுறது எண்டு கேட்டவ. பாலையும் உளுந்தையும் நிப்பாட்டினால் வளத்தி குறையுமாம்..."

"நீயும் நிப்பாட்டினியோ?"

"சம்பந்தம் குழம்பிப் போமெண்டு பயந்திட்டன்."

பிள்ளையின் தகப்பன் என்ன செய்தார்? பேப்பர் வாசித்தார்!

அன்றைக்கே தாயையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனேன். லேடி டாக்டர் பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார். பிறகு தங்கையை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தக் கணக்கு வெறும் குத்துமதிப்பு. பொம்பிளைப் பிள்ளையள் இரண்டு வயசுக்கு முந்தியே பாதி உயரத்தைத் தாண்டிடுவினம். இரட்டிச்சால் உள்ளதிலும் கூடுதலாத்தான் காட்டும். தாய் தகப்பன்ரை உயரத்தையும் பாக்கவேணும். அதுக்குப் பிறகும் ஒருத்தராலையும் அச்சொட்டாச் சொல்லேலாது. ஆனால் பாலை நிப்பாட்டினால் என்ன நடக்குமெண்டு என்னாலை சொல்லேலும். பிள்ளை சீக்காளியா வளரும். கால் வளைஞ்சாலும் வளையும். அதுதான் வேணுமோ?"

தங்கை பஸ்ஸில் வரும்போது பிள்ளையின் கால்களை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்தால், மச்சாள் வாசலில் நிற்கிறார்! நான் பொறுக்கவில்லை.

"உங்கடை மகனையும் அளந்தனியளோ?"

"ஆம்பிளைப் பிள்ளையை அளக்கிறதோ? கண்ணூறு பட்டிடும்!"

பார்த்தீர்களா நியாயத்தை? பையனை அளந்தால் கண்ணூறு. பெண்ணை அளந்தால் முன்யோசனை. நிறம் பார்த்தோம், தலைமயிரின் நீளம் பார்த்தோம், காலின் அடியைக்கூடப் பார்த்தோம். இப்போது, இன்னும் வளராத உயரத்துக்கும் பட்டினி போடத் துணிந்துவிட்டோம்!

நான் கத்துவதற்குள் தங்கை உள்ளே போனாள். பால் காய்ச்சி, சீனி போட்டு, மச்சாளின் கண்ணுக்கு முன்னாலேயே பிள்ளைக்குப் பருக்கினாள். புவனம் முதலில் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"குடியம்மா. நெட்டையா வந்தால் அம்மாவுக்குச் சந்தோஷம்."

பிறகுதான் குடித்தாள். அரைவாசி மேலில் சிந்தியது.

"அப்ப, சம்பந்தம்?" என்றார் மச்சாள்.

"என்ரை பிள்ளையைக் குறைச்சுத் தரேலாது, மச்சாள். வேண்டாமெண்டால் விடுங்கோ."

மச்சாள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போனார். மறுநாளே வேண்டாமென்று ஆள் அனுப்பினார். தங்கை கொஞ்ச நேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. அப்போதுதான் பேப்பரை மடித்து வைத்த என் மச்சான், "நல்லதாப் போச்சு" என்றார். அவர் மீதும் எனக்குக் கோபம்தான் — அந்த வாயை முதல் நாளே திறந்திருக்கலாமே!

பெண்பிள்ளைகள் எவ்வளவு வளருமோ அவ்வளவு வளரட்டும். எட்டாத மாப்பிள்ளைமார் ஒரு வாங்குப் பலகையில் ஏறி நின்று தாலி கட்டட்டும்!