கால் ஊன்றியவர் ரொட்டி வாங்க வேண்டும்

"அண்ணி, அண்ணே கடைசி வரைக்கும் கால் ஊனவே இல்ல."

என் கணவரின் உடல் பாலிக் புலாவ் மருத்துவமனையில் கிடந்தபோது, அவருடைய சைக்கிள் கூட்டாளி ஒருவன் எனக்குச் சொன்ன ஆறுதல் இது. உடம்பை ஒட்டிய சைக்கிள் சட்டையோடு, அழுது சிவந்த கண்ணோடு, பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுப்பவனைப் போலச் சொன்னான். ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. விடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை என் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

கால் ஊன்றும் கதை இதுதான். அவர்கள் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெலுத்தோங்கில் கிளம்பி, கடலோரமாகத் தெலுக் பஹாங் போய், அங்கிருந்து மலையேறி, தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் இறங்கி, ஒரு கடையில் பசியாறுவார்கள். ஏற்றத்தில் யாராவது முடியாமல் சைக்கிளை நிறுத்திக் காலைத் தரையில் ஊன்றிவிட்டால், அன்றைக்கு எல்லோருக்கும் ரொட்டி சானாய் அவர் கணக்கு. ரொட்டி வாங்கிக் கொடுப்பதால் யாருடைய சொத்தும் கரைந்துவிடாது. கிண்டல்தான் தாங்காது. அடுத்த ஞாயிறு வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் கணவர் ஒரு தடவைகூட வாங்கிக் கொடுத்ததில்லை. "சரியான கஞ்சன்" என்பேன். அதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பைத்தியம் ஓர் இத்தாலியனால் வந்தது. அவன் சைக்கிள் பந்தயச் சாம்பியன். இத்தாலி முழுக்கச் சுற்றி மே மாதத்தில் மூன்று வாரம் ஒரு பந்தயம் நடக்கும். முன்னால் நிற்பவனுக்கு ரோஜா நிறச் சட்டை கொடுப்பார்கள். இவன் பால் வண்டி ஓட்டியவனின் மகனாம். பனி கொட்டும் மலையில் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாக ஏறி வந்தான். அன்று இரவு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த என் கணவர், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் நின்றபடியே அதைப் பார்த்து முடித்தார். மறு மாதம் வீட்டுக்குள் என் சக்களத்தி நுழைந்தாள். இரண்டு சக்கரம், ஸ்டாண்டு கிடையாது, கூடத்துச் சுவரில்தான் சாய்ந்து நிற்பாள்.

அந்த இத்தாலியனின் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். கழுத்துப்பட்டை எலும்பு எப்போது உடைந்தது, யார் அவனை மலையில் கைவிட்டது, இரண்டாம் முறை எப்படி ஜெயித்தான், எல்லாம் தெரியும். என் சொந்தத் தம்பி எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். மே மாதம் எங்களுக்கு மாதா வணக்க மாதம். தினமும் எட்டு மணிக்கு வீட்டில் ஜெபமாலை. அந்த நேரத்தில்தான் டிவியில் இத்தாலியன் மலையேறுவான். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுப்பார். பாதி அருள்நிறை மந்திரத்தில் அவர் குரல் அப்படியே நின்றால், யாரோ முந்திவிட்டான் என்று அர்த்தம். ஞாயிறு காலையைச் சைக்கிளுக்கு ஒதுக்க, பூசைக்குச் சனிக்கிழமை மாலையே போய்விடுவார். மாதாவையும் விடவில்லை, மலையையும் விடவில்லை.

பிறகுதான் நாடி பார்க்கும் பழக்கம் வந்தது. ஓய்வில் இருக்கும்போது இத்தாலியனின் நாடி நிமிடத்துக்கு நாற்பதுகூட இல்லை என்று டிவியில் யாரோ சொன்னார்கள். இதயம் பலமாக இருந்தால் மெதுவாகத்தான் அடிக்குமாம். அன்றிலிருந்து காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆறு பேரும் இப்படித்தான். பசியாறும்போது, பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைப் பேசுவதுபோல நாடியைப் பேசுவார்கள். வித்தியாசம் என்னவென்றால் இதில் குறைந்த மார்க்குக்குத்தான் மரியாதை.

என் கணவரின் மார்க் இறங்கிக்கொண்டே வந்தது.

"நாப்பதுக்கு வந்துட்டேன்லா. இன்னும் கொஞ்சம்தான், இத்தாலியன புடிச்சிருவேன்" என்றார். அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. அதே மாதத்தில்தான் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. லேசா தல சுத்துச்சு."

விடவில்லை நான். கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் நாடியைப் பார்த்தார், இவருடைய தொடையைப் பார்த்தார், சைக்கிள் ஓட்டுவீர்களா என்று கேட்டார். இவர் மலைகளின் பெயரை ஒவ்வொன்றாக அடுக்கினார். தலை சுற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேன். "வெயில்தான், தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க. சைக்கிள்காரங்க நாடி இப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் சிரித்தார். திரும்பும்போது நான் காடி ஓட்ட, இவர் பக்கத்தில் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வருஷ மே மாதம் இத்தாலியனுக்குக் கடைசிப் பந்தயம். வயதாகிவிட்டது, காய்ச்சல் வேறு. பாதி மலையில் அவன் சைக்கிள் தள்ளாடியது. ஓரமாக நிறுத்தினான். காலை ஊன்றினான். அப்படியே குனிந்து நின்று, பிறகு குழுவின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். எங்கள் ஜெபமாலை பாதியில், மூன்றாம் தேவ இரகசியத்தில் இருந்தது. என் கணவர் எழுந்து போய் டிவியை அணைத்தார்.

"சாம்பியன் கால் ஊனலாமா? ஊர்ந்தாவது போயிருக்க வேணாமா?"

"காய்ச்சக்காரன் வேற என்னங்க செய்வான்?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

எனக்குப் புரியாதுதான். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி ஓர் ஏற்றத்தில் என் கணவரின் சைக்கிள் தள்ளாடியது. பின்னால் வந்தவன் பார்த்திருக்கிறான். "அண்ணே, ஓகேவா?" என்று கேட்டிருக்கிறான். இவர் தலையை மட்டும் ஆட்டினாராம். அடுத்த வளைவில், பெடலில் மாட்டிய காலோடு, சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தார். கால் ஊன்றவே இல்லை. உண்மைதான்.

மருத்துவமனையில் பெண் டாக்டர் ஒருவர் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். தலை சுற்றல் உண்டா? உண்டு. நாடி? நாற்பது, அதற்கும் கீழே, என்றேன். அந்த நிலையிலும் அந்தப் பெருமை என் வாயில் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பலமான இதயமும் மெதுவாக அடிக்கும், பழுதான இதயமும் மெதுவாக அடிக்கும், தலை சுற்றினால் அது பலம் இல்லை என்றார். நெஞ்சில் ஒரு சின்னக் கருவியை வைத்திருந்தால் இன்னும் பல வருஷம் இருந்திருப்பாராம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நோயை வெற்றி என்று கொண்டாடியிருக்கிறோம்.

இந்த மே மாதம் ஜெபமாலை முடிந்ததும் டிவியைப் போட்டேன். இத்தாலியன் கோட்டு போட்டுக்கொண்டு பந்தயத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். கன்னம் உப்பி, தொப்பை விழுந்து, நன்றாகச் சிரித்தான். கட்டையில போறவனே, நீ மட்டும் இறங்கத் தெரிந்து வைத்திருந்தாயே என்று திட்டினேன். வாய்விட்டு அழுதேன்.

அவருடைய முதல் வருஷ நினைவு வந்தது. ஐந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணே நெனவா அந்த மலைய ஏறப் போறோம், அண்ணி. இந்தத் தடவ ஒருத்தரும் கால் ஊனக் கூடாதுன்னு பேசிக்கிட்டோம்."

காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவர்கள் மலையேறும் ஞாயிறு காலை காடியை எடுத்துக்கொண்டு போய், அவர் விழுந்த வளைவுக்கு முன்னால் ரோட்டோரம் நின்றேன். வந்தார்கள். முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"இறங்குங்க" என்றேன்.

நான்கு பேர் என் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனார்கள். கடைசியாக வந்தவன், அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னவன். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கால ஊனுடா தம்பி."

என்னைப் பார்த்தான். மேலே போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். பிறகு காலை ஊன்றினான். புல்லில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "போன வாரமும் முடியல, அண்ணி. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றான். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்ட வேண்டும், நானும் கூட வருவேன் என்றேன். சரி என்றான்.

அவனைச் சைக்கிளோடு காடியில் ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவ் கடைக்குப் போனேன். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. அவன் தானாக எழுந்து போய் எல்லோருக்கும் ரொட்டி சொன்னான். எனக்கும் ஒன்று வந்தது. சூடாக இருந்தது. பிய்த்துக் குழம்பில் தோய்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் இந்த ரொட்டியை இவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கலாம்.