கை நடுக்கத்துக்குத் தந்த மாத்திரை

டீ கிளாஸை ஒரு சொட்டும் சிந்தாமல் சித்தப்பா வாய்க்குக் கொண்டுபோன அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பார்கின்சன் நோய் வந்து, ஓராண்டாக வலக்கை அவர் சொன்னபடி கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் டாக்டர் எழுதித் தந்த மாத்திரை அந்தக் கையின் நடுக்கத்தை நிறுத்தியிருந்தது. "பாத்தியாடா, நடுங்காம கீது!" என்று சிரித்தார். பக்கத்தில் சித்தி அழுதுகொண்டிருந்தாள்.

உத்திரமேரூர் ஏரித் தண்ணீரில் நெல் பயிரிடுகிறவர் அவர். நடவுக்கு வரும் பெண்களிடம் வரப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். அப்படிப்பட்டவரை அந்த மாத்திரை என்ன செய்தது என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர், "கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டு, அளவை ஏற்றினார். சித்தப்பாவுக்குத் தூக்கம் போனது. எந்நேரமும் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியை ஓயாமல் தொந்தரவு செய்தார்; அதை அவள் வெகுநாள் கழித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள். கடைசியில் ஒரு நடவின்போது, எங்கள் நிலத்தில் வேலை செய்த பெண் ஒருத்தியின் கையைப் பிடித்து, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார். அவள் உதறிவிட்டுப் போனாள். மாலையில் அவளுடைய அண்ணன்கள் ஏரிக்கரையில் வைத்து அவரை அடித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. "இத்தினி வருசமா நல்லவன் மாதிரி நடிச்சிகினு இருந்திருக்கான்" என்றது ஊர். சித்தி திருமுக்கூடலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போனபோது உதடு வீங்கி உட்கார்ந்திருந்தார். "தப்புன்னு தெரியுதுடா. ஆனா நிறுத்த முடியல. பிரேக் புடிக்காத வண்டி மாதிரி கீது. என்னைக் கட்டிப் போட்டுடு" என்றார். அறுபது வயது மனிதர் என்னிடம் கேட்டது அது.

செங்கல்பட்டில் ஓர் அரசு மருத்துவரிடம் அவரை அழைத்துப் போனேன். இளம்பெண். கையைப் பார்க்கும் முன்னாலேயே, "மாத்திரை ஆரம்பிச்ச அப்புறம் சூதாட்டம், பெண் ஆசை, சாப்பாடுன்னு ஏதாவது அடக்க முடியாம போச்சா?" என்று கேட்டார். சித்தப்பா தலை குனிந்தார்.

"மூளையில டோபமின்ங்கிற ரசாயனத்தைச் சுரக்கிற செல் செத்துப்போனதாலதான் இந்த நடுக்கம். இந்த மாத்திரை டோபமின் மாதிரியே வேஷம் போட்டுப் போய் நரம்பு செல்லை இயக்குது. கை அசைய அது உதவும். ஆனா ஆசையைப் பாத்துக்கிற இடத்துல டோபமினுக்கு அவ்வளவு குறை இல்ல. அங்கயும் போய் உக்காந்துக்குது. நிஜ டோபமின் ஏறும், இறங்கும். இறங்கும்போதுதான் 'வேணாம், நிறுத்து'ன்னு அந்த செல்லுக்குப் புரியும். மாத்திரை அதைப் புரிய விடாது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா ஆகலாம்னு எழுதித் தந்த டாக்டர் வீட்டுல இருக்கறவங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காஞ்சிபுரத்துக்குப் போய் அந்த டாக்டரிடமே கேட்டேன். "அதெல்லாம் சொன்னா எவனும் மாத்திரை சாப்பிட மாட்டான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியடித்தார். மேசையில் இருந்த எதையாவது எடுத்து உடைத்திருப்பேன். ஏன் உடைக்கவில்லை என்று இன்றும் தோன்றுகிறது.

புதிய டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்று தந்தார். சித்தப்பா மெல்லத் தன்னிடம் திரும்பி வந்தார். சித்தியும் வந்தாள். நடுக்கமும் வந்தது.

நடமாடத் தெம்பு வந்ததும், "அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போவணும்" என்றார். நானும் சித்தியும் கூடப் போனோம். வாசலிலேயே நிறுத்தினாள் அவள். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மாத்திரையைப் பற்றிச் சித்திதான் சொன்னாள்.

அவள் முழுவதையும் கேட்டாள். "சரி, மாத்திரைதான். நம்புறேன். அன்னிலேர்ந்து நான் உங்க நெலத்து வழியா போறதில்ல. ஏரியைச் சுத்திகினு போறேன். வூட்டுல என்னைத் தனியா எங்கயும் அனுப்பறதில்ல. இதுக்கு இன்னா மாத்திரை கீது?"

இந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய ஆள் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாசலில் இன்றும் கூட்டம் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறது.