பனங்கிழங்கு மஞ்சள்

எனக்கு நாற்பத்திரண்டு வயதானபோதுதான் முதல் முறையாக ஒரு பெண் வீட்டார் சரி என்றார்கள். அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் கரும்பு, மாடு என்று கேட்டதுமே நின்றுபோயின. "பையன் டவுன்ல வேலையில இருந்தா பாக்கலாங்க" என்பார்கள். நாற்பது தாண்டியவனைப் பையன் என்று சொல்வதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

சங்கராபுரம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். அக்கா ஆத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள்தான் இந்த வரனையும் கொண்டுவந்தாள். பெண் திருக்கோவிலூரில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். முப்பத்தெட்டு வயது. அங்கே கோயிலில் வைத்துப் பார்த்தோம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பஸ் கிடைச்சுதுங்களா?" என்றார். கிடைத்தது என்றேன். அவ்வளவுதான் பேசினோம். திரும்பி வரும்போது மனம் நிறைந்திருந்தது.

தை பிறந்ததும் வந்து வீட்டைப் பார்த்து, கை நனைத்துவிட்டுப் போகிறோம் என்று அவருடைய அண்ணன் சொன்னார். அன்றைக்குத்தான் நான் என் வீட்டுச் சுவரைச் சரியாகப் பார்த்தேன். எப்போதோ சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தது. கை வைத்தால் உள்ளங்கையில் ஒட்டியது.

மார்கழியில் பெயிண்டர் கிடைப்பது லேசில்லை. பொங்கலுக்கு ஊர் முழுக்க அடிப்பார்கள். சங்கராபுரத்தில் விசாரித்து விசாரித்து, கடைசியில் ஒருவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கூடவே அவருடைய மச்சான். மச்சான் வாயே திறக்கமாட்டார். இவருக்கு வாய் மூடாது. சுவரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அண்ணே, இத பூரா சொரண்டணும். சுண்ணாம்பு மேலயே அடிச்சா வெய்ய காலத்துல அப்பளம் மாரி உரிஞ்சிகினு வந்துடும்."

"பொங்கலுக்குள்ள முடியுமாபா?"

"முடிச்சிடலாம். ஆனா பனி ஜாஸ்தி. வெய்யில் ஏறாம சொவத்துல கை வெக்க முடியாது. இன்னா கலரு?"

இன்னா கலர் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை. என் வீட்டில் எதுவும் நான் பார்த்து வைத்த நிறத்தில் இருந்ததில்லை.

அப்போது நானும் அந்தப் பெண்ணும் போனில் பேசத் தொடங்கியிருந்தோம். கடையில் மதியம் கூட்டம் குறைந்ததும் அவரே கூப்பிடுவார். நான் வரப்பில் நின்று பேசுவேன். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீர்களா, கரும்புக்கு வெட்டு ஆள் வந்தார்களா என்று கேட்பார். யாராவது கேட்பார்கள் என்பதற்காகவே அந்த நாட்களில் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன்.

"வூட்டுக்கு இன்னா கலரு அடிக்கிறதுன்னு பெயிண்டர் கேக்கிறாரு. நீங்க சொல்லுங்க" என்றேன்.

"நான் இன்னாங்க சொல்றது? உங்க வூடு."

"நீங்களும் இருக்கப் போறீங்கல்ல?"

தையல் மிஷின் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க வூட்ல எல்லாம் பச்சைங்க. எங்கப்பா வாங்கினது. எனக்கு ஒரு கலரு புடிக்கும். பனங்கெழங்கு இருக்குல்ல, மஞ்சத்தூள் கம்மியா போட்டு அவிச்சா உள்ள ஒரு மஞ்சள் வரும் பாருங்க. மஞ்சளும் இல்ல, வெள்ளையும் இல்ல. அந்த மாரி அடிச்சா நல்லா இருக்கும்."

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பெயிண்டுக் கடையில் இருந்த இளைஞர் விசிறி மாதிரி ஒரு கலர் அட்டையை விரித்துப் போட்டார். மஞ்சள் மட்டுமே பக்கம் பக்கமாக இருந்தது. எனக்குக் கண்ணைக் கட்டியது. வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அவித்த கிழங்கு ஒரு கட்டு வாங்கினேன். ஒன்றை உரித்து, ஒடித்து, திரும்பக் கடைக்குள் போய் மேஜை மேல் வைத்தேன்.

"இந்தக் கலரு வேணும்."

அவர் சிரித்தார். ஆனால் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் செய்தார். அது பச்சையடிக்கிறது, இது வெளுத்துப்போச்சு என்று நானும் அவரும் வாசல் வெளிச்சத்துக்கும் உள்ளேயுமாக நடந்தோம். கடைசியில் ஒன்று ஒத்துவந்தது. மிஷினில் வைத்துக் குலுக்கும் முன் ஒரு முறை கேட்டார். "கலந்துட்டா ரிட்டன் எடுக்க மாட்டோம் சார். சரிதானே?"

"சரி" என்றேன்.

பெயிண்டர்கள் வேலையை ஆரம்பித்த அன்று சாமான்களை வெளியே எடுத்துப் போட்டோம். ஒரு கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, பாத்திரங்கள், ஒரு டிவி. அவ்வளவும் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது.

"இவ்ளோதானாண்ணே?" என்றார் பெயிண்டர். பிறகு அவரே, "நல்லதாப்போச்சு, வேலை கம்மி" என்று சொல்லி மச்சானைப் பார்த்தார்.

சுண்ணாம்பைச் சுரண்டியபோது வீடு முழுக்க நீலப்புழுதி. அப்புறம் பட்டி பூசிக் குழி அடைத்தார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள், பிரைமர் அடித்தார்கள். நாள் முழுக்க பெயிண்டரின் போனில் பாட்டு ஓடும். நான் கழனியிலிருந்து சீக்கிரமே திரும்பிவிடுவேன். மூன்று பேருக்குச் சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளம் பொரிப்பேன். அந்த வீட்டில் மூன்று இலை போட்டு நெடுநாளாகியிருந்தது. பெயிண்டர் தன் பிள்ளைகளைப் பற்றி, ஏணியிலிருந்து விழுந்த கதையைப் பற்றி, மலை மேல் வெள்ளிமலையில் ஒரு வீட்டுக்கு அடிக்கப்போய்க் குளிரில் நடுங்கியது பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். மச்சான் சோற்றைப் பார்த்துச் சிரிப்பார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கூடத்தில் முதல் கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தபோது திருக்கோவிலூரிலிருந்து போன் வந்தது. அது அவர் வழக்கமாகக் கூப்பிடும் நேரமில்லை. வாசலுக்கு வந்து எடுத்தேன்.

"அம்மாக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துகிச்சுங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். அண்ணி பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டாராம். "நான் வந்துட்டா அம்மாக்கு ஆளில்லீங்க. இது நடக்காதுங்க. அண்ணன் சொல்றத விட நானே சொல்லிடலாம்னுதான்..."

"அம்மாவையும் இங்க கூட்டிகினு வந்துடுங்க. உள்ளறை சும்மாதான் கெடக்குது. நான் பாத்துக்கிறேன்."

அவர் அழுதார் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா அந்த வூட்ட வுட்டு வராதுங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

பிறகு அவரே கேட்டார்.

"பெயிண்டு ஆரம்பிச்சிட்டாங்களாங்க?"

பின்னால் கூடத்தில் ரோலர் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஈரமான சத்தம். வாசலிலிருந்தே பாதிச் சுவர் தெரிந்தது. அவர் சொன்ன அதே நிறம்.

"இன்னும் இல்லீங்க" என்றேன். "பனி. அதான் தள்ளிப்போட்டுட்டாங்க."

"நல்லதுங்க" என்றார். அந்தச் சொல்லில் ஒரு பெருமூச்சு இருந்தது. "உடம்ப பாத்துக்கோங்க."

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உள்ளே போனபோது பாட்டு நின்றிருந்தது. பெயிண்டர் ஏணி மேல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலேயே சொன்னார்.

"அண்ணே, இது ஒரு கோட்டிங்தான். வேற எது அடிச்சாலும் இது தெரியாது. வெள்ளை வாங்கியாந்தா போதும்."

"கலந்தத திருப்பி எடுக்க மாட்டாங்கபா."

"அது கெடக்குது. உங்களுக்கு எப்டி தோணுது?"

"இதையே அடிங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அக்கா பிறகு கேட்டாள். வீம்பு என்று நினைத்தாள். அப்படியில்லை. என் வீடு இன்ன மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை வெள்ளையால் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

பொங்கலுக்கு முன் வேலை முடிந்தது. பெயிண்டரும் மச்சானும் பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே வந்து நின்றேன். சாமான் இல்லாத வீட்டில் என் செருமல் சத்தமே நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. பொங்கலன்று வாசலில் ஒற்றைப் பானை பொங்கிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, "புது வூடு மாரி இருக்குது மாமா" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். சோறு நிறைய மிஞ்சியது. மாட்டுக்கு வைத்தேன்.

மாசியில் ஒரு நாள் பெயிண்டர் போன் செய்தார்.

"அண்ணே, இங்க ஒரு பார்ட்டி புதுசா வூடு கட்டிகினு இருக்காங்க. உங்க கூடத்துக் கலர நேர்ல பாக்கணும்னு கேக்கிறாங்க. கூட்டிகினு வரட்டா?"

சாயங்காலம் வந்தார்கள். கல்யாணமாகி அதிக நாள் ஆகாத ஜோடி. கணவர் வாசல்படியிலேயே நின்றார். அந்தப் பெண் நேராகச் சுவரிடம் போய்ப் புறங்கையால் தடவிப் பார்த்தார்.

"வெய்யில் பட்டா எப்டி இருக்குங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருந்து பாருங்க. மல பக்கம் பொழுது சாயும்போது இந்த ஜன்னல் வழியா வெளிச்சம் வரும். அப்பதான் இதோட நெறம் தெரியும்."

இருந்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். கல்வராயன் மலைக்கு மேல் சூரியன் இறங்கியதும் வெளிச்சம் உள்ளே வந்து சுவரில் விழுந்தது. காலையில் இது வெளிறித் தெரியும் என்றேன். மழை நாளில் சந்தனம் மாதிரி இருக்கும், விளக்குப் போட்டால் இன்னொரு மாதிரி என்று சொல்லிக்கொண்டே போனேன். மழை நாளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. பெயிண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க செலக்ட் பண்ணாங்க? வூட்டுக்கார அக்காவா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க" என்றேன். "நல்லா சொல்லியிருக்காங்கல்ல?"

"ஆமாங்க" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்துப் பெயிண்டர் கூப்பிட்டு, அவர்கள் இளம்பச்சையை எடுத்துவிட்டார்கள் என்றார். சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பரவாயில்லைபா, அவங்க வூடு என்றேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது, அந்தச் சாயங்காலம் நான் எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று. டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பேசியிருக்கிறேன். அவர்களும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.