மூன்றாவது பாட்டில் நிறைந்த நாள்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அதற்கு முன் என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்று எழுதிவிடுகிறேன். அக்காவின் பட்டறையை மூடப் பார்த்தவன் நான்தான். இதை மறைத்தால் அக்கா படத்திலிருந்து இறங்கி வந்து திட்டுவார்.

அக்கா பிறந்தது திருவையாற்றுக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரை ஊரில். வயலில் இருந்த அப்பாவின் ஆயில் இன்ஜின் எங்கள் யாருக்கும் அடங்காது; அக்கா சுற்றினால் மட்டும் கிளம்பும். கார் மெக்கானிக்கான அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தஞ்சாவூர் வந்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத்தான் பட்டறைக்குள் போனார். சில வருடங்களில், "இது என்ன சத்தம்னு கேட்டுச் சொல்லு" என்று அத்தானே கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார்.

அத்தான் மாரடைப்பில் போனபோது அக்காவின் இரண்டு பெண்களும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். காரியம் முடிந்த மறுநாளே அக்கா ஷட்டரைத் தூக்கினார். ஒரு மாதம் ஒரு வண்டியும் வரவில்லை. பெண்பிள்ளையிடம் காரைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. நான் ஓர் உரக்கடைக்காரரிடம் பேசி, இடத்தை வாடகைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டேன்.

சேதி தெரிந்ததும் அக்கா சண்டை போடவில்லை. "ஒரே ஒரு வண்டி வரட்டும், தம்பி. அதை நான் சரி பண்ணலேன்னா நீயே பூட்டிச் சாவியைக் கொடுத்துடு" என்றார்.

அந்த வண்டி வந்தது. திருப்பனந்தாள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்தார். கார் துபாயில் இருக்கும் மகனுடையது. கிளப்பினால் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. வேறு ஓர் இடத்தில் பிளக் எல்லாம் மாற்றியும் சரியாகாமல், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏம்மா, நீங்களேவா பாப்பீங்க?"

"நானேதாங்க. உக்காருங்க, டீ சொல்றேன்."

மூன்றாவது சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று ஸ்கேனர் காட்டியது. அதன் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டார். கோளாறு இடம் மாறவில்லை. கம்ப்ரஷன் அளந்தார், குறையில்லை. "நெருப்பு இருக்கு, அமுக்கம் இருக்கு. அப்ப சாப்பாடுதான் போகல" என்றார்.

பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் குழாயோடு கழற்றி, ஒவ்வொன்றின் கீழும் காலி இருமல் மருந்து பாட்டில் ஒன்றை வைத்தார். வெட்டவெளியில், மணல் வாளி பக்கத்தில் இருக்க, பொறி பறக்காமலிருக்கக் காயில் ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். மூன்று பாட்டில்களில் பெட்ரோல் ஒரே மட்டத்துக்கு ஏறியது. மூன்றாவது சிலிண்டருக்கான பாட்டிலில் மட்டும் அடியில் கொஞ்சம் நின்றது.

அக்கா பெரியவரைப் பார்த்தார். "வண்டி எத்தனை மாசமாங்க நின்னுச்சு?"

பெரியவர் தயங்கினார். "ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்மா. புள்ள ஆசைப்பட்டு வாங்குனது, அவன் வந்துதான் எடுக்கணும்னு தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். ஆயுத பூஜைக்கு மட்டும் தொறந்து மாலை போட்டேன்."

"பாசத்துல பெட்ரோல் பிசினாயிடுச்சுங்க" என்று அக்கா சிரித்தார். நான் கெட்டிக்காரத்தனமாக, அடைப்பை எடுக்க ஊசி ஒன்றைத் தேடி எடுத்துப் போனேன். கையிலேயே ஒரு தட்டு. "ஊசிய விட்டா ஓட்டை பெருசாயிடும். அப்புறம் தூக்கித்தான் போடணும்."

அத்தான் வாங்கி வைத்திருந்த அதிர்வுத் தொட்டி ஒன்று இருந்தது. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி கழுவுவார்களே, அந்த மாதிரி. நான்கையும் அதில் போட்டுக் கழுவினார். மறுபடி பாட்டில் வைத்தோம். மூன்றாவது பாதிதான் வந்தது. உரக்கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனை எனக்கு வந்துவிட்டது. அக்கா இரண்டாம் முறை கழுவினார். இந்தத் தடவை நான்கு பாட்டிலும் ஒரே மட்டம்!

பழைய பெட்ரோலை வடித்து, புது ஃபில்டரும் ரப்பர் வளையங்களும் போட்டு, சாவியைப் பெரியவர் கையிலேயே கொடுத்தார். இன்ஜின் மேல் வைத்த டீ கிளாஸில் சின்ன அலைகூட எழவில்லை. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மறுவாரமே அவர் ஊரிலிருந்து மூன்று கார்கள் வந்தன. அதற்குப் பிறகு அக்காவுக்கு உட்கார நேரமில்லை. இரண்டு பெண்களையும் அந்தப் பட்டறைதான் ஆளாக்கியது. பெரியவள் அம்மாவிடமே தொழில் கற்றாள்.

போன வருடம் நோய் முற்றி, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சேதி கேட்டுப் பெரியவர், அக்காவை வீட்டுக்கு அழைத்துவர அதே காரை மகனோடு அனுப்பினார். வழியில் வண்டி சிக்னலில் நின்றது. மகள் மடியில் கண்மூடிப் படுத்திருந்த அக்கா இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

"நாலும் ஒழுங்கா பேசுது. ஏன் தம்பி, அந்த உரக்கடைக்காரர் இன்னும் காத்துக்கிட்டா இருக்காரு?"

காரில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

கடைசி நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், திருப்பனந்தாள் பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உரக்கடைக்காரரும் இன்று வந்திருக்கிறார்; அவருக்கும் நன்றி. அவருடைய கார் இப்போது எங்கள் பட்டறையில்தான் நிற்கிறது. நாளைக் காலை பெரியவள் முடித்துக் கொடுத்துவிடுவாள்.