வைரவரும் எகிப்து ராசாவும்

2009 கடைசியில், போர் முடிந்தபின் சனத்தை அடைத்துவைத்த வவுனியா முகாமிலிருந்து என் மனைவியின் தம்பி வெளியே வந்தான். செய்தி கேட்ட கையோடு அவள் உழுந்தை ஊறப்போட்டுவிட்டாள். தம்பி வெளியில் வந்தால் வைரவருக்கு வடைமாலை சாத்துவதாக நேர்த்தி. வடை சுடலாம், சாத்துவதற்கு வைரவர் வேண்டுமே! அந்த உழுந்தைத் தோசைக்குத்தான் அரைத்தோம்.

லண்டன் மோர்டனில் வாடகை மண்டபமொன்றில் நாங்கள் நடத்திய சின்னக் கோயில் அது. வைரவர் ஒரு சூலமாக வாசலோரம் நின்றவர். புதுத் தலைவர் வந்ததும், "பிள்ளையார் ஒருத்தரே காணும்" என்று சூலத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சூலம் பழைய தலைவரின் ஆட்கள் வைத்தது. உண்மைக் காரணம் அதுதான் என்று செருப்புக் கழற்றும் இடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

"உங்களுக்கு வாய் இருக்கெல்லோ, போய்க் கதையுங்கோ" என்று மனைவி என்னை நிர்வாகக் கூட்டத்துக்கு அனுப்பினாள்.

எனக்கு எகிப்துப் பைத்தியம். ஷிப்ட் இல்லாத நாளில் லைப்ரரி, இல்லாவிட்டால் மியூசியம். எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நான் கதைக்கலாம்?

"அண்ணை, எகிப்திலை ஒரு ராசா. சூரியன் மட்டுந்தான் சாமி எண்டு சொல்லி மற்றக் கோயிலெல்லாம் பூட்டினவன். ஆமூன் எண்ட பெரிய சாமியின்ர பேரைக் கல்லிலையிருந்து கொத்தி எடுப்பிச்சவன். ஆமூன்ர பூசகர்மாற்றை செல்வாக்கும் அதோடை சரி."

"அப்ப நான்தான் அந்த ராசாவோ?" என்றார் தலைவர்.

"சீச்சீ. சிலையிலை அவனுக்கு வண்டி வயிறு கொஞ்சம் முன்னுக்கு."

மண்டபமே சிரித்தது. தலைவர் வயிற்றை எக்கிக்கொண்டார்.

"அவன் செத்தாப்பிறகு ஒரு சின்னப்பொடியன் ராசாவானான். கோயிலெல்லாம் திறந்து, புதுச்சிலை வைச்சு, கோவிச்சுப் போன சாமிமாரைத் தான்தான் கூட்டிக்கொண்டு வந்ததெண்டு கல்லிலை வெட்டுவிச்சான்."

தலைவர் நிமிர்ந்து இருந்தார். "அப்ப, திருப்பி வைச்சவனுக்குத்தான் பேர்?"

"ஓம். ஆனால் பிறகு ராசாவான சேனாதிபதி, அந்தப் பேரை அழிச்சுப்போட்டுத் தன்ர பேரை வெட்டினவன்."

அடுத்த தலைவர் என்று பேச்சிருந்த செயலாளரை எல்லோரும் பார்த்தார்கள். "என்னை ஏன் பாக்கிறியள்? எனக்கு உளி பிடிக்கவே தெரியாது" என்றார் அவர். அந்த வருசம் எங்கட சனம் அப்படிச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சூலத்தை நானே வைக்கிறன்" என்றார் தலைவர். "உபயம் எண்டு பித்தளையிலை என்ர பேர். ஆணி வேண்டாம், பசை போட்டு ஒட்டுங்கோ. ஒருத்தராலும் கழட்ட ஏலாமல்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "ஆரின்ர பேராவது இருக்கட்டும். வைரவர் வாறார், அது காணும்" என்று மனைவி திரும்பவும் உழுந்தை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தலைவரே சூலத்துக்குப் பால் வார்த்தார். மனைவி வடைமாலையைச் சாத்திவிட்டு, அந்த இடத்திலேயே நின்று தம்பிக்குப் போன் எடுத்து, மணியோசைப் பக்கம் நீட்டினாள்.

"கேக்குதோடா?"

"கேக்குது அக்கா. பக்கத்திலை ஆர் உரத்துக் கதைக்கிறது?"

"தலைவர். வைரவர்தானாம் அவையின்ர குலதெய்வம்!"